கையால் செய்யும் கிட்டாருக்கு ஓரப்புள்ளி: எந்தப் பொருளில் வைப்பது, எப்படி வைப்பது

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தால் ஃப்ரெட்போர்டின், அதாவது ஃப்ரெட் என்னும் குறுக்குக் கம்பிகள் பதித்த பலகையின், முகம் சரியாகத் தெரியாது. தெரிவது அதன் மேல் விளிம்புதான். தடித்த கம்பி ஓடும் பக்கத்தில், அந்த விளிம்பில் வரிசையாக இருக்கும் சின்னப் புள்ளிகளைப் பார்த்துத்தான் விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று வாசிப்பவர் கண்டுகொள்கிறார். கடையில் வாங்கிய கிட்டாரில் இந்தப் புள்ளிகளை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. சொந்தமாகக் கழுத்து இழைத்து, போர்டை ஒட்டி, கடைசி வாரத்துக்கு வந்தவருக்குத்தான் 'அட, இதற்கு என்ன வைப்பது?' என்று தோன்றும். அப்படித் தோன்றியவருக்காக இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் வீட்டுப் பின்கட்டில் இதுவரை ஏழு கிட்டார் செய்திருக்கிறேன். அதில் இரண்டில் புள்ளிகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. இரண்டு தடவையும் துளை சரியாகத்தான் இருந்தது. பொருளைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோட்டை விட்டேன்.

முதல் கிட்டார் செய்தபோது தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் போய் யோசனை கேட்டேன். "வீணையில இருபத்துநாலு மெட்டு இருக்கு, ஒரு புள்ளி கிடையாது தம்பி" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, வீணைக் குடத்தின் ஓரத்தில் பூ வேலை செய்ய வைத்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் தகட்டின் வெட்டுத்துண்டுகளை ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். முன்பெல்லாம் தந்தத்திலும் மான் கொம்பிலும் செய்த வேலையை இப்போது இதில்தான் செய்கிறார்களாம். என் முதல் கிட்டாரின் புள்ளிகள் அந்தத் துண்டுகள்தான். இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம்தான் புத்தி கெட்டு விதவிதமாகத் தேட ஆரம்பித்தேன்.

புள்ளி எங்கே உட்கார வேண்டும்

பொருளுக்குப் போகுமுன் இதை முடித்துவிடலாம். 3, 5, 7, 9 ஆகிய கட்டங்களில் ஒவ்வொரு புள்ளி. 12-இல் இரட்டைப் புள்ளி. பிறகு 15, 17, 19, 21. போர்டில் 24 ஃப்ரெட் இருந்தால் அங்கேயும் இரட்டை. மாண்டலின், யுக்கலேலி செய்பவர்கள் பெரும்பாலும் 9-ஐ விட்டுவிட்டு 10-இல் வைப்பார்கள். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு முகத்தில் புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. ஓரத்தில் 7-இல் ஒன்று இருந்தால் அதுவே அதிகம் என்பார்கள். உங்கள் கிட்டார் உங்களுக்கு, தேவைப்பட்ட இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் என்பது இரண்டு ஃப்ரெட்டுக்கு இடைப்பட்ட வெளி. 3-ஆம் கட்டம் என்றால் 2-ஆம் ஃப்ரெட்டுக்கும் 3-ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவில். புதிதாகச் செய்பவர்கள் ஃப்ரெட்டுக்கு நேராகவே துளை போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கம்பி அதிரும் நீளம் 650 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் நட் என்ற துண்டிலிருந்து புள்ளியின் மையத்துக்கு உள்ள தூரம் தோராயமாக இப்படி வரும்: 3-ஆம் கட்டம் 87 மி.மீ., 5-ஆம் கட்டம் 148.5, 7-ஆம் கட்டம் 203, 9-ஆம் கட்டம் 252, 12-ஆம் கட்டம் 315. வேறு நீளம் என்றால் கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் கிடைக்கும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போகலாம். ஃப்ரெட் வெட்டு ஏற்கெனவே போட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், காம்பஸை வைத்து இரண்டு வெட்டுக்கும் நடுவைக் குறித்துக்கொண்டால் போதும்.

12-ஆம் கட்டத்தின் அகலம் இந்த நீளத்தில் 19 மி.மீ. சொச்சம். இரட்டைப் புள்ளியை 6 முதல் 8 மி.மீ. இடைவெளியில் வையுங்கள். நெருக்கி வைத்தால் தூரத்திலிருந்து ஒற்றையாகத் தெரியும்.

உயரம்: போர்டு 6 மி.மீ. தடிமன் என்றால் நடுவில், அதாவது மேலிருந்து 3 மி.மீ. கீழே. விளிம்பை உருட்டி வழவழப்பாக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் ஒரு முடியளவு கீழே இறக்குங்கள். குறுக்களவு 2 மி.மீ. போதும். நாற்பதைத் தாண்டிய கண்ணாக இருந்தால் 2.5 அல்லது 3. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொருளைப் பார்க்குமுன் மரத்தைப் பாருங்கள்

பொருள் எது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, மங்கிய வெளிச்சத்தில் அது மரத்திலிருந்து பிரிந்து தெரியுமா? இரண்டு, அரம் போட்டால் மரத்தோடு சேர்ந்து தேயுமா? அழகு இதற்கெல்லாம் பிறகுதான். புள்ளியைப் பார்க்கப்போவது ஒரே ஒரு ஆள். அவரும் பெரும்பாலும் அரைகுறை வெளிச்சத்தில்தான் பார்ப்பார்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஈட்டி மரம், கருங்காலி மாதிரி கறுத்த போர்டு என்றால் வெளிர் நிறம் எதுவும் பொருந்தும்: வெள்ளை பிளாஸ்டிக், எலும்பு, சங்கு, பித்தளை. மேப்பிள் மாதிரி வெளுத்த மரம் என்றால் கறுப்போ ஆழ்ந்த பழுப்போ வேண்டும். போர்டின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தால் புள்ளி அந்தப் பட்டையில்தான் வரும், அப்போதும் கறுப்பு.

நடுவில் மாட்டிக்கொள்வது நம்மூர் பலா. பண்ருட்டிப் பலாவில் வீணை செய்கிற ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு பலாவில் கிட்டார் செய்யாமல் இருக்க முடியுமா? என் இரண்டாவது கிட்டாருக்குக் கழுத்து, போர்டு இரண்டுமே பலா. புதிதாக இழைத்த பலா நல்ல மஞ்சள். அதில் நான் வைத்தது பித்தளை. பட்டறை வாசலில், காலை வெயிலில், சாய்த்துப் பார்த்தால் தங்கப்பொட்டு மாதிரி மின்னியது. ராத்திரி டியூப்லைட்டில் மடியில் வைத்துப் பார்த்தால் ஒன்றையும் காணோம். மஞ்சளில் மஞ்சள். ஒரு மாதம் விரலால் தடவித் தடவி வாசித்துவிட்டு அத்தனையையும் பிடுங்கினேன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலா வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் மாறும். மஞ்சள் தேன் நிறமாகி, வருடங்கள் போகப் போக நல்ல பழுப்புக்கு வந்துவிடும். பழைய வீணையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே பலாவுக்குப் புள்ளி தேடுகிறவர் இன்றைய நிறத்தோடு பத்து வருடம் கழித்து வரப்போகும் நிறத்தையும் யோசிக்க வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி வளையப் புள்ளி. அதைக் கீழே சொல்கிறேன்.

மேடையில் வாசிப்பவராக இருந்தால் நிறப் புள்ளிகள் பக்கம் போகாதீர்கள். திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் விளக்கு நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறும். சிவப்புப் புள்ளி சிவப்பு வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கும். நீலத்துக்கு மாறினால் அதே புள்ளி கறுத்துப்போய் மரத்தோடு மறைந்துவிடும். வெள்ளைக்கு இந்தத் தொல்லை கிடையாது, எந்த நிறம் விழுந்தாலும் அதைத் திருப்பிக் காட்டும்.

இரண்டாவது கேள்வி, தேய்மானம். புள்ளி மரத்தைவிட மிகக் கடினமாக இருந்தால் உப்புத்தாள் சுற்றியுள்ள மரத்தைத்தான் தின்னும். புள்ளி மேடாகவே நிற்கும், கட்டைவிரல் ஒவ்வொரு தடவையும் அதைத் தொட்டு உணரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை நான் ஒதுக்குவது இதனால்தான். இரும்பு ஆணியை வெட்டி வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வேர்வைக்குத் துருப்பிடிக்கும், துரு மரத்தில் இறங்கிக் கறுப்பாகக் கறைபிடிக்கும். வேண்டாம்.

நம் பக்கத்தில் கிடைக்கும் பொருள்கள்

பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்கலாம், புதியவருக்கு அதுதான் சரி. பழைய டூத்பிரஷ் பிடி, வளையல், சுவிட்சு போர்டின் உடைந்த மூடி, வயலில் களை வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு, எல்லாவற்றையும் நான் முயன்றிருக்கிறேன். அந்த நரம்பு 2.4 மி.மீ. அளவில் உருண்டையாகவே கிடைக்கிறது, கடைந்து உருட்டும் வேலை மிச்சம். வெள்ளை நரம்பு கிடைத்தால் வாங்கி வையுங்கள், ஒரு மீட்டர் ஆயுசுக்கும் போதும். நைலானின் பளபளப்பை மட்டும் உப்புத்தாளால் எடுத்துவிட்டுப் பசை போடுங்கள்.

சில பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. ஐந்தாவது கிட்டாரை ஒரு நண்பருக்காக அவசர அவசரமாக முடித்தேன். காது குடையும் பட்ஸின் வெள்ளைக் குச்சியை எபாக்சியால் நிரப்பி, வெட்டிப் புள்ளியாக வைத்தேன். பார்க்க அருமை. மூன்றாவது கச்சேரியில் 7-ஆம் கட்டத்துப் புள்ளி எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் பாட்டு முழுக்க இரண்டு கட்டம் தள்ளி வாசித்ததாகச் சொன்னார், கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். அந்தக் குச்சி பாலிபுரோப்பிலீன். அதிலும் பாலிதீனிலும் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. சின்னத் துண்டு வெட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் அது அந்த இரண்டில் ஒன்று, தூக்கிப் போடுங்கள். ஏபிஎஸ், அக்ரிலிக், நைலான் எல்லாம் மூழ்கும்.

அடுத்து பித்தளை. கும்பகோணத்தில் பாத்திரக் கடை எத்தனையோ, பக்கத்தில் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறைகள், ஆனால் புள்ளிக்கு வேண்டிய பித்தளை கிடைப்பது கேஸ் வெல்டிங் சாமான் விற்கும் கடையில். பிரேசிங் ராடு என்று கேளுங்கள். 1.6, 2.4, 3.2 மி.மீ. அளவுகளில் வரும். மேலே வெள்ளைப் பூச்சு பூசியதைத் தராமல் வெறும் கம்பியாகத் தரச் சொல்லுங்கள். ஈட்டி மரத்தில் பித்தளைப் புள்ளி உட்கார்ந்தால் அதன் அழகே தனி, இதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வேர்வை பட்டு நாளடைவில் மங்கும். மேலே வார்னிஷோ லாக்கரோ பூசினால் மங்காது, எண்ணெய் மட்டும் தேய்க்கும் போர்டாக இருந்தால் அவ்வப்போது துடைக்க வேண்டும். செம்பு இன்னும் மோசம், களிம்பு ஏறிவிடும்.

பித்தளையிலும் அலுமினியத்திலும் வெளுத்த மரக்காரர்கள் கவனிக்க வேண்டியது அவற்றின் பொடி. அரம் போடும்போது வரும் கறுத்த தூள் மரத்தின் கண்களில் இறங்கிவிட்டால் எதற்கும் போகாது. முதலில் மரத்துக்கு ஒரு கை அரக்கு வார்னிஷ் அடித்து மூடிவிட்டு அப்புறம் அரம் போடுங்கள். மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். உலோகம் சூடேறினால் பசை விட்டுவிடும்.

எலும்பு எனக்குப் பிடித்த பொருள். வெளுப்பிலும் ஒரு கனிவு இருக்கும், மரத்தோடு சேர்ந்து ஒழுங்காகத் தேயும், மங்காது. கிட்டாருக்கு எலும்பு நட் வாங்கியிருந்தால் அதில் வெட்டி எறியும் துண்டே பத்துப் புள்ளிக்குப் போதும். கறிக்கடையில் மாட்டெலும்பு வாங்கி நீங்களே தயார் செய்வதாக இருந்தால் மஜ்ஜையைச் சுரண்டி, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும். கொழுப்பு நின்றுவிட்டால் பின்னால் மஞ்சள் திட்டு விழும், பசையும் பிடிக்காது. வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போடலாம். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், எலும்பையே அரித்துவிடும். இந்த வேலையை வீட்டு அடுப்பில் செய்து நான் வாங்கிய வசவு கொஞ்சமில்லை. கொல்லையில் செங்கல் அடுப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

சங்கு எலும்பைவிட வெண்மை, எலும்பைவிடக் கடினம். உடைந்த சங்கு வளையல் கிடைத்தால் முயலலாம். நான் ஒரே ஒரு தடவை 12-ஆம் கட்டத்துக்கு மட்டும் சங்கு வைத்தேன், இரண்டு புள்ளியை உருட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. முத்துச்சிப்பி முகப்புள்ளிக்குத்தான் லாயக்கு, 2 மி.மீ. அளவில் அதன் பளபளப்பு யாருக்கும் தெரியப்போவதில்லை. எலும்போ சங்கோ எதைத் தேய்த்தாலும் மூக்கில் மாஸ்க் வேண்டும், முடிந்தால் தண்ணீர் தொட்டு ஈரமாகவே தேய்க்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பழைய வீணை, பழைய பெட்டி எதிலிருந்தாவது கழன்ற தந்தத் துண்டு இருக்கிறது, வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யானைத் தந்தம், மான் கொம்பு, கடலாமை ஓடு எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வாங்கினாலும் குற்றம், விற்றாலும் குற்றம்.

வெளுத்த போர்டுக்குக் கறுத்த புள்ளி வேண்டுமென்றால் நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. முற்றிய தேங்காயின் கொட்டாங்குச்சி முதலிடம். கடினமும் உண்டு, எண்ணெய் பட்டால் காப்பிக்கொட்டை நிறம் வரும். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடையும் ஆச்சா மரத்தின் சிராய் கிடைத்தால் அதுவும் கனத்த, கறுத்த மரம். கருங்காலித் துண்டு இருந்தால் அதைவிடச் சிறப்பு. கழுத்தில் கருங்காலி மாலை போடாத ஆளே இல்லை என்று ஆகிவிட்ட காலம் இது, அறுந்துபோன மாலையின் மணிகள் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஒரு மணியை உளியால் பிளந்தால் ஒரு புள்ளிக்கு ஆகும். ஆனால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மணியைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் அது சாயம் போட்ட ஏதோ ஒரு மரம், உள்ளே வெளுப்பாக இருக்கும்.

மூங்கில் குச்சியை வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் மேலே தெரிவது குச்சியின் வெட்டுமுனை என்பதால் எண்ணெயையும் அழுக்கையும் உறிஞ்சி ஒரு வருடத்தில் பழுத்துவிடும். தென்னை ஈர்க்கு அதுவும் தாங்காது.

உருட்டத் தெரியவில்லை, பொறுமையில்லை என்றால் துளையிலேயே வார்த்துவிடலாம். அரால்டைட் மாதிரி இரண்டு குழாயில் வரும் எபாக்சியில் வெள்ளை நிறப்பொடி கலந்து, துளை கொஞ்சம் பொங்கி வழியும் அளவுக்கு நிரப்பி, ஒரு நாள் விட்டுத் தேய்க்க வேண்டும். கல்லை அரைத்துச் செய்த கோலமாவு இதற்கு நன்றாகவே வேலை செய்கிறது. அரிசி மாவு வேண்டாம். அவசரத்துக்கு ஆப்ப சோடாவைத் துளையில் அடைத்து மேலே ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் நொடியில் கல்லாகும். ஆனால் அழுக்கு வெள்ளையாக இருக்கும், அருகில் பார்த்தால் அசிங்கம்தான்.

இருட்டில் ஒளிரும் புள்ளியும் இப்படித்தான். எபாக்சியில் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பொடி கலக்க வேண்டும். ஈரம் பட்டால் கெடும் பொடி என்பதால் எபாக்சி அதைச் சுற்றி முழுதாக மூடியிருக்க வேண்டும். பச்சையாக ஒளிர்வதுதான் அதிக நேரம் நிற்கும். கச்சேரிக்கு முன் போன் டார்ச்சைப் புள்ளிகளில் காட்டிவிட்டால் போதும். பகலில் வெளிறிய இளம்பச்சையாக இருக்கும், கறுத்த மரத்தில் மட்டும் எடுபடும்.

கடைசியாக, பலாவுக்கு என்று நான் சொன்ன வளையப் புள்ளி. பழைய ரேடியோவின் ஏரியலை இழுத்தால் குழாய்க்குள் குழாயாக நீளுமே, அதன் மெல்லிய குழாய்களில் 3 மி.மீ. பக்கம் வருவதைப் பாருங்கள். பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளை. அதை வெட்டித் துளையில் இறக்கி, உள்ளே கறுப்புப் பொடி கலந்த எபாக்சி. மரம் மஞ்சளாக இருக்கும்வரை நடுவிலுள்ள கறுப்பு தெரியும், மரம் பழுத்தபின் வளையம் தெரியும். என் ஆறாவது கிட்டாரில் இதுதான் இருக்கிறது.

துளை, பசை, அரம்

எப்போது செய்வது? போர்டைக் கழுத்தில் ஒட்டி, பக்கங்களை அளவுக்கு இழைத்து, 180 நம்பர் உப்புத்தாள் வரை போட்டாயிற்று. ஃப்ரெட் இன்னும் அடிக்கவில்லை, பாலிஷ் போடவில்லை. அதுதான் நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போர்டு வேலை வேண்டாம் என்பேன். ஈரத்தில் ஊதியிருக்கும் மரம் கோடையில் சுருங்கும், ஃப்ரெட் முனை வெளியே நீட்டும், ஆழமாக இறக்கிய உலோகப் புள்ளியும் முடியளவு தலைநீட்டும். புள்ளிக்கு 4 மி.மீ. ஆழம் போதும்.

புள்ளிக் குச்சியை முதலில் தயார் செய்துகொள்ளுங்கள். மரம் என்றால் 3 மி.மீ. இரும்புத் தகட்டில் 3, 2.5, 2 என்று துளைகள் போட்டு, சிராயைப் பெரிய துளையிலிருந்து சின்னதுக்கு வரிசையாகச் சுத்தியலால் தட்டி இறக்கினால் உருண்டையாக வரும். எலும்பும் கொட்டாங்குச்சியும் அப்படித் தட்டினால் நொறுங்கும். அவற்றைச் சன்னமாக அறுத்து, டிரில்லின் வாயில் பொருத்திச் சுழலவிட்டு அரமும் உப்புத்தாளும் காட்டி உருட்ட வேண்டும். 2 மி.மீ. கம்பி வேண்டுமென்றால் 14 கேஜ் என்று கேட்டால் அநேகமாக அதே அளவு.

விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, உயரக் கோட்டையும் நடுக்கோட்டையும் பென்சிலால் போடுங்கள். எழுதும்போதே கட்ட எண்ணையும் எழுதிவிடுங்கள். குனிந்து வேலை செய்யும்போது 9-ஐ 8 என்று நினைப்பது சகஜம். கோடுகள் வெட்டும் இடத்தில் கூரான ஊசியால் அழுத்தி ஒரு குழி. இந்தக் குழி இல்லாமல் டிரில் வைத்தால் பிட் மரத்தின் வரியோடு நழுவி ஓடும். கையில் பிடித்து நேராகத் துளைப்பது கடினம், ஆகையால் கெட்டியான ஒரு மரக்கட்டையில் நேராக ஒரு துளை போட்டு, அதை விளிம்போடு சேர்த்துக் கிளாம்பில் இறுக்கி, அதன் வழியாகப் பிட்டை இறக்குங்கள். பிட்டில் 4 மி.மீ. அளவில், கட்டையின் தடிமனையும் கூட்டிக்கொண்டு, டேப் சுற்றி வைத்தால் ஆழம் மீறாது.

இதற்கு முன்பே அதே மரத்தின் கழிவுத்துண்டில் இரண்டு துளை போட்டுக் குச்சியைச் செருகிப் பாருங்கள். இந்த இரண்டு நிமிடத்தைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் பிறகு புட்டி தேடி அலைகிறார்கள். குச்சி விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் துளை சிறியது. ஆடினால் பெரியது, சுற்றிலும் பசைக்கோடு தெரியும். துண்டில் வைத்த புள்ளியைத் தேய்த்து முடித்து, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறை வெளிச்சத்தில் பாருங்கள். பொருள் சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும். பித்தளை-பலா விஷயத்தில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

பசை: பிளாஸ்டிக், மரம், எலும்புக்கு ஃபெவிக்விக் வகை போதும். உலோகத்துக்கு எபாக்சி. வெளுத்த மரத்தில் ஃபெவிக்விக் வழிந்தால் ஈரம் பட்டது போல் கறை நிற்கும், துளை வாயில் முன்கூட்டியே அரக்கு வார்னிஷ் தொட்டு வையுங்கள். பசையைப் பல்குத்தும் குச்சியால் துளையின் சுவரில் தடவ வேண்டும். நிறைய ஊற்றினால் உள்ளே அடைபட்ட காற்றும் பசையும் சேர்ந்து புள்ளியை மெல்ல வெளியே தள்ளும். குச்சியின் முனையை லேசாகக் கூராக்கிக்கொண்டால் காற்று வெளியேற வழி இருக்கும்.

காய்ந்தபின் 1 மி.மீ. விட்டு வெட்டுங்கள். எலும்பை நிப்பரால் நறுக்கினால் விரிசல் மரமட்டத்துக்குக் கீழேயும் இறங்கிவிடும், பத்தர்கள் வைத்திருக்கும் மெல்லிய ரம்பம் இதற்கு நல்லது. பிறகு சுற்றிலும் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி, அரத்தால் டேப் மட்டம்வரை. டேப்பை எடுத்துவிட்டு, தட்டையான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி 220, 320, 400. விரலால் பிடித்துத் தேய்க்காதீர்கள். விரல் மெத்தென்று இருப்பதால் மரத்தைக் குழித்துப் புள்ளியை மேடாக்கிவிடும். நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்து எங்கும் தட்டவில்லையென்றால் முடிந்தது. பாலிஷுக்குப் போகலாம்.

பிடுங்க வேண்டி வந்தால்: பிளாஸ்டிக், எலும்பு, மரப் புள்ளிகளைச் சின்ன பிட்டால் துளைத்தே எடுத்துவிடலாம். உலோகத்தை அப்படித் துளைத்தால் பிட் வழுக்கி மரத்தைத் தின்னும். அதன் நடுவில் 1 மி.மீ. துளை மட்டும் போட்டு, ஒரு குட்டி ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றி, ஸ்க்ரூவின் தலையில் சால்டரிங் இரும்பை வைத்துச் சூடாக்குங்கள். பசை இளகியதும் குறட்டால் நேராக இழுத்தால் வந்துவிடும்.

அப்படித்தான் அந்தப் பலாக் கிட்டாரின் பித்தளைப் புள்ளிகளை எடுத்து, கொட்டாங்குச்சி வைத்தேன். அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது மரம் கொட்டாங்குச்சி நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. பிடுங்கிய பித்தளைத் துண்டுகள் ஒரு விக்ஸ் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.